அறிவியல் மையமும் உரைமரபும்

முன்னுரை

திருநெல்வேலிக் கொக்கிரகுளத்தில், பொருநையாற்றின் கரையை ஒட்டி, மாவட்ட அறிவியல் மையம் 1987 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. அவ்வாற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கி ஏறக்குறைய 25 கிலோமீட்டர் சென்றால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு தோன்றும். முன்னது இயற்கையின் விதிகளைக் காட்டுவது. பின்னது மாந்தரின் பழமையைக் காட்டுவது. முன்னதற்குப் பள்ளிச் சிறார் வரிசை வரிசையாக அழைத்து வரப்பெறுகின்றனர். பின்னதற்குத் தமிழார்வலர் தொலைவூர்களிலிருந்தும் வருகின்றனர். இரண்டிடத்தும் வருவோர் கண்டு வியக்கின்றனர். வியந்தோர் அறிந்தோராய் மீள்கின்றனரா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

இவ்வினா அறிவியலார்க்கு உரியது. தமிழாய்வுக்கு இதனோடு தொடர்பு யாது எனச் சிலர் கருதலாம். காட்சிப்பொருள் தானே பேசுவதில்லை. அதற்கும் காண்போனுக்கும் இடையே நிற்பது சொல்லே. பலகையில் எழுதிய சொல்லாகவோ விளக்குநர் வாய்ச்சொல்லாகவோ அஃது அமையும். அரியதொன்றனை அதன் பொருள் விளங்காதார்க்கு விளங்கவைக்கும் கலையைத் தமிழர் ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக நூலுரைகளில் வளர்த்து வந்துள்ளனர். அவ்வுரைமரபினை அளவுகோலாகக் கொண்டு, அறிவியல் மையங்களும் அருங்காட்சியகங்களும் மக்களை அறிவியலோடு எங்ஙனம் இணைக்கின்றன, எவ்விடத்தே இணைக்கத் தவறுகின்றன என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

பெயர்கள் உணர்த்துவன

ஒரு நிறுவனத்தை மக்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்பதனை அவர் அதற்கிட்ட பெயரே காட்டும். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் முதற் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். 1855 ஆம் ஆண்டில் அவர் அவ்வளாகத்திலேயே உயிர்விலங்குகளையும் வைத்துக் காட்டினார். சில ஆண்டுகட்குப் பின்னர் அவ்விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பெற்றன. சென்னை மக்கள் இவ்விரண்டிடத்திற்கும் தாமே பெயரிட்டனர். பதனிட்ட உடல்களும் எலும்புக்கூடுகளும் நிறைந்த அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. விலங்குக் காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று.

இப்பெயர்களை நகைச்சுவை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. இரண்டிலும் ‘காலேஜ்’ என்னும் சொல் நிற்றல் நோக்கத்தக்கது. அவ்விடங்கள் கல்விக்குரியன என்பதனை எழுத்தறியாத மக்களும் உணர்ந்திருந்தனர். ‘செத்த’ என்னும் அடையோ ஆங்குக் கண்டவை தம்மோடு உறவாடவில்லை என்பதனைக் குறிப்பாற் புலப்படுத்துகின்றது.

கற்றோர் வகுத்த பெயர்கள் வேறு வகையின. ‘அருங்காட்சியகம்’ என்பது காட்சியின் அருமையைச் சுட்டுகின்றது. ‘பொருட்காட்சிச்சாலை’ என்பது பொருளை முன்னிறுத்துகின்றது. ஈழத்தில் வழங்கும் ‘நூதனசாலை’ என்னும் பெயர் புதுமையை முன்னிறுத்துகின்றது. இவை யாவும் காணப்படும் பொருளைப் பற்றியன. காண்போன் ஆங்கு ஆற்றவேண்டிய தொழிலைக் குறிக்கும் பெயர் இவற்றுள் ஒன்றும் இல்லை. ‘மாவட்ட அறிவியல் மையம்’ என்னும் பெயரில்தான் பொருள் பின்னே சென்று அறிதல் முன்னே வருகின்றது. இப்பெயர் மாற்றத்தின் பின்னே உலகளாவிய கருத்து மாற்றம் ஒன்று உண்டு.

காண்டலினின்று செய்தலுக்கு

1903 ஆம் ஆண்டில் ஆஸ்கார் வான் மில்லர் என்னும் பொறியாளர் மியூனிக் நகரில் நிறுவிய அருங்காட்சியகம், இயந்திரங்களை இயங்கும் நிலையில் காட்டுவதனைத் தன் நெறியாகக் கொண்டது. பாரிசு நகரில் 1937 ஆம் ஆண்டில் இயற்பியலறிஞர் ழான் பெரின் முயற்சியால் எழுந்த கண்டுபிடிப்பு மாளிகை, ஆய்வுக்கூடச் சோதனைகளையே மக்கள் கண்முன் செய்துகாட்டிற்று. 1969 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் நிறுவிய எக்ஸ்புளோரட்டோரியம் மேலும் ஒருபடி சென்றது. ஆங்குச் சோதனையைச் செய்பவர் காண்போரே. உடன் நின்று விளக்குதற்கு இளைஞர் பலர் அமர்த்தப்பெற்றனர்.

இந்தியாவில் இந்நெறி கொல்கத்தாவில் 1959 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தோடு வேர்கொண்டது. பெங்களூரில் விசுவேசுவரய்யா பெயரால் அமைந்த அருங்காட்சியகம் 1965 ஆம் ஆண்டில் பொதுமக்கட்குத் திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் கொல்கத்தா நிறுவனம் காட்சிப்பொருள்களை ஊர்தியில் ஏற்றிச் சிற்றூர்கட்குக் கொண்டுசெல்லும் நடமாடும் அறிவியற் கண்காட்சியைத் தொடங்கிற்று. 1978 ஆம் ஆண்டில் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்களின் குழுமம் தோன்றிற்று. பெருநகரங்களுள் மட்டும் அறிவியல் தங்கிவிடலாகாது என்னும் கருத்தால் அது மாவட்டங்களில் மையங்களை நிறுவத் தொடங்கியது. வங்காளத்துப் புருலியாவில் 1982 ஆம் ஆண்டிலும், குசராத்தின் தரம்பூரிலும் கருநாடகத்தின் குல்பர்காவிலும் 1984 ஆம் ஆண்டிலும் அவை எழுந்தன. அவ்வரிசையில் 1987 ஆம் ஆண்டில் எழுந்ததே திருநெல்வேலி மையம். தமிழகத்தில் சென்னைக்கு வெளியே ஒரு மாவட்டத் தலைநகர் இப்பேற்றினைப் பெற்றது சிறப்பாகும்.

இவ்வகை மையங்களின் பூங்காக்களில் பெரும்பாலும் காணப்பெறும் பொருள் ஒன்றனை எடுத்துக்கொள்வோம். பல அடி இடைவெளியில் இரண்டு பெருங்குழிவுத் தட்டுகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். ஒரு தட்டின் முன் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் வாய்வைத்து ஒருவன் மெல்லப் பேசினால், மற்றத் தட்டின் அத்தகைய புள்ளியில் காதுவைத்தவன் அதனைத் தெளிவாகக் கேட்பான். இடையில் நிற்போர்க்கு அது கேளாது. தட்டு பரவளைய வடிவினது. அதன் குவியத்தில் எழும் ஒலி தட்டில் மோதி இணையலைகளாய் மீளுகின்றது. எதிர்த்தட்டு அவ்வலைகளைத் தன் குவியத்தில் ஒருங்கு சேர்க்கின்றது. சிறுவர் இருவர் இதனைச் செய்து பார்க்கும்போது அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை யாம் பன்முறை கண்டுள்ளோம். ஆயினும் அம்மகிழ்ச்சியோடு அடுத்த பொருளுக்கு ஓடிவிடும் சிறுவரே பலர். செய்தல் நிகழ்ந்தது, அறிதல் நிகழ்ந்ததா என்பது ஐயமே. கையாற் செய்தல் அறிவின் வாயிலை வந்தடைதலாகும். அவ்வாயிலைக் கடத்தற்குப் பிறிதொன்று வேண்டும்.

காண்டிகை என்னும் அளவுகோல்

அப்பிறிதொன்று யாது என்பதற்கு நன்னூல் விடை தருகின்றது. காண்டிகையுரை, விருத்தியுரை என உரையினை அந்நூல் இருவகைப்படுத்துகின்றது. காண்டிகைக்குரியனவாக அது கூறும் உறுப்புகள் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்பன. விருத்தியுரையோ இவற்றோடு நூற்பாவிற்கு இன்றியமையாத பிற பொருள்களையும் விரித்துரைப்பது.

காட்சிக்கூடத்தின் அமைப்பை இவ்வுறுப்புகளோடு பொருத்திப் பார்ப்போம். இயற்கையின் விதி நூற்பாவை ஒத்தது. சுருங்கியது, செறிந்தது, எளிதில் விளங்காதது. காட்சிப்பொருள் காட்டினை ஒத்தது. பலகையில் எழுதப்படும் விளக்கம் கருத்தும் பதப்பொருளும் ஆகும். விளக்குநரின் விரிவுரையும் மையம் வெளியிடும் நூல்களும் விருத்தியின் பாற்படும். எஞ்சி நிற்பன வினாவும் விடையும். நாம் கண்ட பலகைகளுட் பெரும்பாலானவற்றில் கருத்து உண்டு. பதப்பொருள் ஓரளவு உண்டு. விடை மிகுதியாக உண்டு. வினா மட்டும் இல்லை. கேளாத வினாவிற்குத் தந்த விடை காண்போன் நெஞ்சில் தங்குவதில்லை.

வினா எங்ஙனம் பிறக்கும் என்பதற்குத் திருநெல்வேலியிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. நெல்லையப்பர் திருக்கோயில் மணிமண்டபத்தில், பெருந்தூணைச் சூழ ஒரே கல்லிற் குடைந்தெடுத்த சிறு தூண்கள் உள்ளன. அவற்றைத் தட்டினால் வெவ்வேறு இசையொலிகள் எழும். கல்லினின்று இசை பிறக்கின்றதே என்று வியவாதார் இலர். அவ்வியப்போடு நின்றுவிடின், சிற்பியின் திறத்தைப் புகழ்ந்து மீள்வோம். ஆனால் இருவகைப் பொருள்களை ஒப்பிட்டு ஒரு வினாவினை எழுப்பினால் நிலை மாறும். யாழிலும் வீணையிலும் தடித்த நரம்பு தாழ்ந்த ஒலியைத் தரும். ஒரே நீளமும் ஒரே கல்லும் உடைய இரு தூண்களுள் தடித்ததே உயர்ந்த ஒலியைத் தரும். இம்முரண்பாடு எற்றுக்கு?

விடை இதுவாகும். நரம்பை வளைத்துவிட்டால் அதனை மீட்டு நேர்நிறுத்துவது இருபுறமும் இழுத்துக்கட்டிய இழுவிசை. தடிமன் மிகுந்தால் இழுவிசை மிகாமல் எடைமட்டும் மிகுகின்றது. ஆதலின் அதிர்வு தளர்ந்து ஒலி தாழும். கற்றூணை இழுத்துக்கட்டியவர் எவரும் இலர். அதனை மீட்டு நிறுத்துவது கல்லின் சொந்த விறைப்பே. தடிமன் மிகும்போது எடை மிகினும், விறைப்பு அதனினும் விரைந்து மிகுகின்றது. ஆதலின் ஒலி உயரும். இவ்வொரு வினா, இசையையும் கல்லையும் சிற்பியின் கைத்திறத்தையும் ஒருங்கே விளக்கிவிடுகின்றது. அறிவியல் மையத்தில் ஒரு தந்திக்கருவியையும் சில கற்கோல்களையும் அருகருகே வைத்து, வினாவை மட்டும் பெரிதாக எழுதி, விடையை ஒரு மூடியின்கீழ் வைத்தால் அதுவே காண்டிகைக் காட்சியாகும்.

எண்ணும் எண் வந்த வழியும்

இனி ஆற்றின் கீழ்ப்பகுதிக்குச் செல்வோம். உரையின் தேவை ஆங்கு இன்னும் மிகுதி. ஆதிச்சநல்லூரில் 1876 ஆம் ஆண்டில் செருமானியராகிய யாகோர் அகழ்ந்தார். பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளும், இரும்புக் கருவிகளும், வெண்கலப் பொருள்களும், பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிவந்தன. அவர் கண்டவை சென்னை அருங்காட்சியகத்திற்குச் சென்றன. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. அப்போது கிடைத்த பொருள்களின் காலக்கணிப்பு முடிவுகள் 2019 ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டன, கி.மு. 905, கி.மு. 696 என்னும் இரண்டு எண்கள் அறியப்பெற்றன. 2021 ஆம் ஆண்டு முதல் மீண்டும் அகழாய்வு நடந்தது. 2023 ஆம் ஆண்டில் அகழ்ந்த குழிகளின்மேற் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே காணுமாறு செய்தனர்.

அண்மையிலுள்ள சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை ஒரு தாழியினுள் நெல்மணிகளைக் கண்டது. அவற்றின் காலம் கி.மு. 1155 என 2021 ஆம் ஆண்டு செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. பொருநை அருங்காட்சியகம் அமைப்பதென்ற அறிவிப்பும் அப்போதே வந்தது. திருநெல்வேலியை அடுத்த ரெட்டியார்பட்டியில் அது எழுந்துள்ளது. 2025 ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளை மாதிரி ஒன்றிற்குக் கி.மு. 3345 என்னும் காலத்தைக் கூறிற்று.

இவ்வெண்களைத் தமிழாசிரியர் பலரும் மேடைகளிற் கூறுகின்றோம். யாமும் கூறியுள்ளோம். முதுகலை மாணவர் சிலரோடு ஒரு காட்சிக்கூடத்திற்குச் சென்றிருந்தபோது (அதன் பெயர் ஈண்டு வேண்டுவதன்று) நிகழ்ந்தது ஒன்றைக் குறிப்பிடல் தகும். பழைய தானியத்தின் காலத்தைக் குறித்த பலகையை யாம் மாணவர்க்குப் பெருமிதத்தோடு படித்துக் காட்டினோம். அருகில் நின்ற முதிய உழவர் ஒருவர், “இத்தன வருசம்னு எப்படி ஐயா கண்டாவ? நெல்லுல எழுதியா இருக்கு?” என்று வினவினார். பலகையில் அதற்கு விடை இல்லை. மாணவரிடத்தும் இல்லை. எம்மிடத்தும் ‘கரிமக் கணிப்பு’ என்னும் இரு சொற்களுக்குமேல் ஒன்றும் இல்லை. அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். அன்று அக்கூடத்தில் அறிவியல் நோக்கோடு நின்றவர் அவர் ஒருவரே என்பதனைப் பின்னரே உணர்ந்தோம்.

அவர் வினாவிற்கு உரிய விடையைச் சுருங்கக் கூறுவோம். விண்ணினின்று வரும் கதிர்களால் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் நைட்ரசனிலிருந்து கரிமம்-14 என்னும் நிலையற்ற கரிமவகை இடையறாது தோன்றுகின்றது. பயிர் அதனைக் காற்றோடு உட்கொள்ளுகின்றது. பயிர் உயிரோடிருக்கும்வரை வரவு நிற்பதில்லை. அறுவடையோடு வரவு நின்றுவிடும். சிதைவு மட்டும் தொடரும். எஞ்சியதனை அளந்தால் வரவு நின்ற காலத்தைக் கணக்கிடலாம். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் வில்லார்டு லிபியும் அவர்தம் குழுவினரும் 1949 ஆம் ஆண்டில் இம்முறையை நிலைநாட்டினர். 1960 ஆம் ஆண்டில் லிபிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சிதைவின் அளவை விளக்குதற்குத் தமிழர் முகத்தலளவை மிகப் பொருந்துவது. நாழியிற் பாதி உரி. உரியிற் பாதி உழக்கு. உழக்கிற் பாதி ஆழாக்கு. அறுவடை நாளில் ஒரு நாழி கரிமம்-14 இருந்ததாகக் கொள்வோம். 5730 ஆண்டுகளில் அஃது உரியாகும். மேலும் 5730 ஆண்டுகளில் உழக்காகும். இன்னும் 5730 ஆண்டுகளில் ஆழாக்காகும். சிவகளை நெல்லுக்குக் கூறப்படும் ஏறக்குறைய 3200 ஆண்டுகளில், நூறு பங்கில் 68 பங்கு எஞ்சியிருக்கும். அஃதாவது நாழிக்குக் குறைந்து உரிக்கு மிகுந்து நிற்கும். கி.மு. 3345 என்னும் காலத்திற்கு நூற்றில் 52 பங்கு. உரியை நெருங்கிய அளவு. இந்நான்கு அளவைகளையும் நெல்லால் நிரப்பித் தாழியின் அருகே வரிசையாக வைத்தால், எழுத்தறியாதாரும் கணக்கினை உணர்வர். நெல்லளந்த கை அதனைக் கண்டவுடனே அறிந்துகொள்ளும்.

‘என்பாரும் உளர்’

உரைமரபினின்று நாம் கற்க வேண்டுவது இன்னும் ஒன்று உண்டு, அதுவே தலையாயது. இளம்பூரணர் கொண்ட பொருளை நச்சினார்க்கினியர் மறுப்பார். மறுக்குங்கால் பிறர் கொள்கையை மறைப்பதில்லை. ‘என்பாரும் உளர்’ என அதனை எடுத்துரைத்து, ‘அற்றன்று’ எனக் காரணங்காட்டி விலக்குவார். பரிமேலழகர் உரையிலும் இந்நெறியைக் காணலாம். கற்போன் முடிவை மட்டும் பெறாமல், முடிவுக்கு வந்த வழியையும், அவ்வழியில் ஒதுக்கப்பட்ட பிற வழிகளையும் ஒருங்கே பெறுகின்றான். ஒப்பவும் மறுக்கவும் அவனுக்கு உரிமை உண்டாகின்றது.

காட்சிக்கூடப் பலகைகளில் ‘என்பாரும் உளர்’ என்னும் தொடரை நாம் காண்பதில்லை. ஓர் எண், ஒரு முடிவு, அவ்வளவே. உண்மையில் கரிமக் கணிப்பு ஒரு தனியாண்டினைத் தருவதன்று. ஒரு காலவெல்லையினையே தருகின்றது. வளிமண்டலத்திற் கரிமம்-14 எல்லாக் காலத்தும் ஒரே அளவினதாய் இருந்ததில்லை. ஆதலின் மரங்களின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். மாதிரியின் தன்மையும் கருதத்தக்கது. நெல் ஓராண்டுப் பயிர்; அதன் காலமே அறுவடைக் காலம். மரக்கரியோ, எரிந்த காலத்தைக் காட்டாமல் அவ்வளையம் மரத்தில் வளர்ந்த காலத்தையே காட்டும். பழைய மரத்தை எரித்திருந்தால் எண் முற்பட்டுத் தோன்றும். இனி, கரியின் காலம் இரும்பின் காலமாதற்கு அவ்விரண்டும் ஒரே அடுக்கில் குலையாது கிடந்தமை நிறுவப்படல் வேண்டும். இத்தகைய ஐயங்களை நீக்கும்பொருட்டே மாதிரிகளை ஒன்றிற்கு மேற்பட்ட ஆய்வகங்கட்கு அனுப்புவதும், மட்கலங்களை வேறொரு முறையாகிய ஒளித்தூண்டல் முறையால் அளப்பதும் மேற்கொள்ளப்படுகின்றன. 2025 ஆம் ஆண்டு அறிக்கைக்கு ஆதாரமான மாதிரிகள் அமெரிக்காவிலும் அகமதாபாத்திலும் இலக்னோவிலும் உள்ள ஆய்வகங்களில் அளக்கப்பெற்றன என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவற்றைப் பலகையில் எழுதினால் தமிழரின் தொன்மை குறைந்துவிடுமோ என அஞ்சுவாரும் உளர். அற்றன்று. ஐயங்களை எதிர்கொண்டு நின்ற எண்ணே வலிமையுடைய எண். வழியறியாது எண்ணை மட்டும் பெற்றவன், நாளை வேறொருவர் அதனை மறுத்துரைப்பின் விடைகூற மாட்டான். சினப்பான் அல்லது நம்பிக்கை இழப்பான். வழியறிந்தவன், எண் மாறினும் கலங்கான். எவ்வளவு மாறிற்று, எதனால் மாறிற்று என்று வினவுவான். பெருமிதத்தை அறிவாக மாற்றும் கடமை அருங்காட்சியகத்திற்கு உண்டு. அக்கடமையை அது செய்யாதொழியின், பொருநைக் கரையில் எத்துணைக் கட்டடங்கள் எழுப்பினும் அவை செத்த காலேஜாகவே நிற்கும்.

சொல்லும் சொல்வோரும்

பலகைக்குரிய கலைச்சொல் தமிழில் இல்லை என்னும் குறை இன்று பொருந்தாது. ஈழத்தில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளில், திருநெல்வேலியில் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாகக் கலைச்சொல்லாக்கப் பணியை முன்னின்று நடத்தினார். திருவைகுண்டத்தை அடுத்த பெருங்குளத்திற் பிறந்த பெ. நா. அப்புஸ்வாமி, தொழிலால் வழக்கறிஞர். எனினும் வாழ்நாள் முழுதும் அறிவியலை எளிய தமிழில் எழுதினார். ஆகவே பொதுமக்கட்கு அறிவியலை எடுத்துரைத்தல் இப்பள்ளத்தாக்கிற்குப் புதிய தொழிலன்று. அப்புஸ்வாமியின் நடையிற் கலைச்சொல் தனித்து வாராது. அது குறிக்கும் பொருள் முன்னே வந்து நிற்க, சொல் பின்னே வரும். பலகை எழுதுவோர் பின்பற்றத்தக்க நெறி இதுவே.

எழுத்தினும் முற்பட்டது வாய்ச்சொல். இறையனார் களவியலுரை பல தலைமுறை வாய்மொழியாக வழங்கி வந்ததென அவ்வுரையே கூறுகின்றது. அறிவியல் மையங்களில் உடன் நின்று விளக்கும் இளைஞர் அவ்வாய்மொழி மரபின் வழியினர். அவர் நெல்லை வழக்கிற் பேசுதல் குறையாகாது. உழவர் வினவியதும் அவ்வழக்கிலேயே அன்றோ? அவர்க்கு மனப்பாடமான சொற்பொழிவினை மட்டும் கொடுத்தல் கூடாது. வினாவினை ஏற்கும் பயிற்சியும், ‘இதற்கு விடை எமக்குத் தெரியாது, கேட்டுச் சொல்வோம்’ எனத் தயங்காது கூறும் துணிவும் கொடுத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. காட்சிப்பொருள் வியப்பைத் தரும். கையாற் செய்தல் அவ்வியப்பை நெருக்கமாக்கும். வினாவே அதனை அறிவாக்கும். அவ்வினாவினை முறையாக எழுப்பி, விடையோடு மாறுபட்ட கொள்கைகளையும் காட்டும் கலை தமிழ் உரைமரபில் உண்டு. அறிவியல் மையங்கட்கு வேண்டுவதும் அக்கலையே.

ஆதலின் தமிழ்த்துறைகள் இப்பணியில் தமக்குரிய பங்கினை ஏற்றல் வேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் உரைமரபினைப் பயிலும் பருவத்தில், கொக்கிரகுளத்திலோ ஆதிச்சநல்லூரிலோ உள்ள ஒரு காட்சிப்பொருளுக்குக் காண்டிகை எழுதிப் பார்க்கலாம். அறிவியலார் அதன் பொருண்மையை ஆராய்ந்து திருத்துக. பின்னர் அதனைக் காண்போரிடத்தே படித்துக் காட்டி, எவ்விடத்தில் அவர் நின்று வினவுகின்றனர் என்பதனைக் குறித்துக்கொள்க. அவர் வினவும் இடமே உரை தொடங்கவேண்டிய இடம்.

முதிய உழவர் எழுப்பிய வினாவிற்கு அன்று விடை கூறாது நின்றோம். அவரை மீண்டும் காணும் வாய்ப்பு எமக்கு இல்லை. அவரைப் போல் வினவுவோர் நாளையும் வருவர். அவர் வரும்போது, தாழியின் அருகே நாழியும் உரியும் உழக்கும் ஆழாக்கும் நெல்லோடு நிற்குமாயின், நெல்லில் எழுதியிருப்பது யாது என்பதனை அவர் தாமே படித்துக்கொள்வர்.